தராசு யார் கையில்?

கானா நாட்டுக் கோகோ விவசாயிகளுக்குப் பழைய மனக்குறை ஒன்று இருந்தது. காயவைத்த கொட்டையை மூட்டை கட்டிக் கொண்டுபோனால், கொள்முதல் செய்பவர் எடையைக் குறைத்துக் காட்டுவார். ஏமாற்றுகிறார் என்று தெரிந்தாலும் கேட்க முடியாது, தராசு அவருடையது. 1990-களின் தொடக்கத்தில் உள்நாட்டுக் கொள்முதலில் தனியாருக்கு அனுமதி கிடைத்ததும், 1993-ல் விவசாயிகள் தங்கள் கொட்டையைத் தாங்களே கொள்முதல் செய்ய 'குவாபா கோக்கூ' என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். எடை போடும் ஆளை அந்தந்த ஊரே தேர்ந்தெடுத்தது.

விளைவிப்பவருக்கு நியாயமான விலை கிடைக்கச் செய்யும் 'நியாய வணிக' (Fairtrade) முறையில் விற்கும் விவசாயிகள் சங்கம் தன்னைத்தானே எப்படி நிர்வகிக்கிறது என்று யாராவது கேட்டால், நான் இந்தத் தராசிலிருந்துதான் தொடங்குவேன். உறுப்பினரின் காசு எந்தெந்தக் கை வழியாகப் போகிறதோ, அந்தக் கையை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கம்பெனியில் பங்குக்கு ஒரு ஓட்டு. சங்கத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு. நூறு மூட்டை கொடுத்தவருக்கும் இரண்டு மூட்டை கொடுத்தவருக்கும் அதே ஒன்றுதான். எல்லா உறுப்பினரும் சேர்ந்த பொதுக்குழுதான் உச்ச அதிகாரம். அது ஆண்டுக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். நிர்வாகக் குழுவை அதுவே தேர்ந்தெடுக்கும், கணக்கையும் ஆண்டறிக்கையையும் அதன்முன் வைக்க வேண்டும். கூட்டக் குறிப்பில் வந்தவர்களின் பட்டியலும் கையெழுத்தும் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் கூட முடியாதபோது, ஊர்க் குழுக்கள் பிரதிநிதிகளை அனுப்புகின்றன.

சரி, சண்டை எங்கே வரும்? பெரும்பாலும் பிரீமியத்தில். நியாய வணிக முத்திரையோடு விற்கும் சரக்குக்கு, விலைக்கு மேல் தனியாக வரும் தொகை இது. காபிக்கு ஒரு பவுண்டுக்கு 20 சென்ட். ஒரு கன்டெய்னரில் ஏறக்குறைய 37,500 பவுண்டு பிடிக்கும் என்று வைத்தால் 7,500 டாலர். அது விவசாயியின் பைக்கு நேராகப் போவதில்லை, சங்கத்துக்கு வருகிறது. ஒரு பவுண்டுக்கு 5 சென்ட்டாவது மகசூலையும் தரத்தையும் உயர்த்தச் செலவிட வேண்டும். மீதியை என்ன செய்வது என்று பொதுக்குழு முடிவு செய்யும். காயவைக்கும் களத்துக்குத் தரை போடுவதா, பள்ளிக்கூடத்துக்குக் கூரையா, இல்லை பணமாகவே பிரித்துக்கொள்வதா? மூன்றுக்கும் நியாயம் உண்டு. கடன் கொடுத்தவன் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, ஒருவரிடம் பள்ளிக் கூரையைப் பற்றிப் பேசினால் அவருக்கு எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சலைக் கூட்டத்திலேயே எழுந்து சொல்ல முடிகிறதா என்று பார்த்தால், சங்கம் எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

கூலித் தொழிலாளர்கள் வேலை செய்யும் பெருந்தோட்டங்களில் ஏற்பாடு வேறு: பிரீமியத்தைத் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த குழு கையாள்கிறது.

இந்த அமைப்பு கிழிவது எங்கே என்றும் சொல்ல வேண்டும். கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத உறுப்பினர் கை தூக்கினால், அது வெறும் தலையாட்டல். அதனால் கணக்கை வரி வரியாக, அவர் பேசும் மொழியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூட்டத்துக்குப் போன பிரதிநிதி ஊருக்குத் திரும்பி எதையும் சொல்லாவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். அப்புறம், எனக்கு மிகவும் உறுத்துவது: பல இடங்களில் நிலம் கணவர் பெயரில் இருப்பதால் உறுப்பினர் அட்டையும் அவருக்குத்தான். வயலில் பாதி வேலை செய்யும் மனைவிக்கு ஓட்டு கிடையாது. குவாபா கோக்கூ தன் குழுக்களில் பெண்களுக்கென்றே இடம் ஒதுக்கியது.

மேல்மட்டத்திலும் இதே கேள்வி எழுந்தது. முத்திரையின் விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பின் பொதுக்குழுவில் உற்பத்தியாளர்களுக்குப் பாதி ஓட்டு என்று 2011-ல்தான் முடிவானது. அதற்கு வெகு முன்பே, 1997-ல், குவாபா கோக்கூ உறுப்பினர்கள் தங்கள் ஆண்டுக் கூட்டத்தில் சொந்தமாக ஒரு சாக்லேட் நிறுவனம் வேண்டும் என்று ஓட்டுப் போட்டார்கள். மறு ஆண்டு பிரிட்டனில் அது தொடங்கியது. சங்கம் அதில் பங்குதாரர். இயக்குநர் குழுவில் கோகோ விவசாயிகளின் பிரதிநிதிகளும் உட்கார்ந்தார்கள்.