வளிமண்டலத்தை மீட்பதா, உய்த்தறிவதா?

புறக்கோள்களை, அதாவது வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாலாவது பத்தியிலேயே 'வளிமண்டல மீட்பு' வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த அக்கா மகள் கேட்டாள்: "அந்தக் கோளோட காத்து தொலைஞ்சு போச்சா, மாமா?"

ஆங்கிலத்தில் ரிட்ரீவல். தொலைவிலிருந்து அளந்த ஒளியை வைத்து, ஒரு கோளின் காற்று எப்படிப்பட்டது என்று கண்டறியும் வேலை. பழைய பிரெஞ்சு வேர். 'திரும்பக் கண்டுபிடி' என்று பொருள். செயற்கைக்கோள் அளவீட்டிலிருந்து நம் பூமிக் காற்றின் வெப்பநிலையைக் கணித்தவர்கள் புழங்கிய சொல். 2009-இல் வானியலாளர்கள் நிக்கு மதுசூதனும் சாரா சீகரும் எழுதிய கட்டுரை இதைப் புறக்கோள்களுக்கும் கொண்டுவந்தது.

சரி, தமிழில் மீட்பது எதை? அடகுக்கடையில் வைத்த சங்கிலியை மீட்கிறோம். வைத்த அதே சங்கிலி, அதே எடையில் கைக்கு வருகிறது. இங்கே அப்படி எதுவும் நடப்பதில்லை. கோள் உமிழும் அகச்சிவப்பு வெப்பம்தான் கையில் இருக்கிறது. ஒரு வாயு அதிகமாக உறிஞ்சும் அலைநீளத்தில் மேலடுக்கின் வெப்பம் தெரியும்; உறிஞ்சாத இடத்தில் கீழடுக்கினுடையது. மேலடுக்கு குளிர்ந்திருந்தால் நிறமாலையில், அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும் கோட்டில், பள்ளம் விழும், சூடாக இருந்தால் மேடு எழும். ஆயிரக்கணக்கில் கற்பனை வளிமண்டலங்களைக் கணினியில் கட்டி, எவை இந்த மேடுபள்ளத்தைத் தருகின்றன என்று பார்க்கிறார்கள். பல பொருந்தும். எச்.டி. 209458 பி என்ற கோளில் மேலடுக்குதான் சூடு என்று ஸ்பிட்சர் தொலைநோக்கியின் தரவை வைத்து 2008 வாக்கில் சொன்னார்கள். 2014-இல் மறுபடி அலசியபோது அதற்கு ஆதாரமில்லை என்றாயிற்று. மீட்ட பொருள் இப்படி மாறுமா?

'வருவித்தல்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது கணக்கில் ஒரே விடைக்குக் கொண்டுபோகும் சொல், இங்கே ஒட்டாது. என் சொல் 'உய்த்தறிதல்'. உய்த்தல் என்றால் செலுத்துதல். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அறிவைச் செலுத்துவது. நூல் எழுத நன்னூல் சொல்லும் 32 உத்திகளில் கடைசியே 'உய்த்துணர வைப்பு'தான். வீட்டிலேயே சொல் இருக்கும்போது, அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள் நம் மொழிபெயர்ப்பாளர்கள். அறிவியலாளர் அங்கே என்ன வேலை செய்கிறார் என்று ஒரு நிமிடம் விசாரித்தால் போதும், இந்தப் பிழை வராது.

டிராப்பிஸ்ட்-1 பி கோளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதன் பகல் பக்க வெப்பத்தை அளந்தது: சுமார் 230 டிகிரி செல்சியஸ். காற்றே இல்லாத வெறும் பாறையாக இருக்கலாம் என்று அதிலிருந்து உய்த்தறிந்தார்கள். இதைப் போய் 'வளிமண்டல மீட்பு' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.