நாலு அடி ஏற்றிக் கட்டினால் தண்ணீர் எங்கே போகும்?

பாளையங்கோட்டையில் வீட்டு பிளான் போடுகிற இஞ்சினியர் நான். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு என்னிடம் வந்தவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “பேஸ்மட்டத்தை நாலு அடி ஏத்திருங்க சார்.” நானும் ஏற்றிக் கொடுத்தேன். அப்படி ஒரு வீடு. அடுத்த பெருமழையில் அதன் சொந்தக்காரர் நிம்மதியாகத் தூங்கினார், பக்கத்து வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அந்த வீட்டு அண்ணாச்சி, “ஒங்க வேலை சுத்தம் தம்பி, தண்ணிதான் எங்க வீட்டுக்கு வந்துட்டு” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தாமிரபரணி ஆற்றுக்குள் இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோயில் முங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், வெள்ளம் புதிதில்லை. ஆனால் அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது வேறு கணக்கு. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், அது இறங்கும்போது மொத்தமாக இறங்குகிறது. இதற்குத் தனி வீட்டு பிளானில் பதில் கிடையாது.

அதனால் இப்போது யாராவது வந்தால், தெருக்காரர்கள் எல்லோரையும் ஒன்றாகக் கூட்டி வரச் சொல்கிறேன். போன வருஷம் ஒரு தெருவில் மொட்டைமாடியில் கிராம வரைபடத்தை விரித்து உட்கார்ந்தோம். வயல் பார்த்த பெரியவர் ஒருவர், குளம் நிரம்பி மறுகால் பாயும்போது தண்ணீர் வந்த ஓடையை விரலால் இழுத்துக் காட்டினார். அது சரியாக நான் செப்டிக் டேங்க் குறித்து வைத்திருந்த இடம்! அப்புறம், ஓரமாக நின்ற தூய்மைப் பணியாளர் அம்மா, “வாறுகால்ல (சாக்கடையில்) குப்பை கெடக்குறது மட்டும் இல்ல சார், அந்தச் சின்னப் பாலத்துக்குள்ள குடிதண்ணி பைப்பு குறுக்க போகுது, எல்லாம் அதுலதான் சிக்குது” என்றார். தினமும் கையை விட்டுத் தோண்டுகிறவர், அதுவரை அவரை யாரும் கேட்டதில்லை. மறுநாள் வார்டு அலுவலரையும் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தால், அப்படியேதான் இருந்தது.

புது வீடுகளுக்கு ஒரே மட்டம், மட்டம் உயராமல் இருக்கப் பழைய தாரைச் சுரண்டிய பிறகே புது ரோடு, வாறுகாலை மூடிய சாய்தளங்களை எடுப்பது என்று பேசி முடித்தோம். (மழைநீர்க் குழி போதாதா என்று கேட்பவர்களுக்கு: களிமண்ணில் அது நிரம்பியதும் அவ்வளவுதான்.) பைப்பை மாற்றிவிட்டார்கள். சாய்தளங்களில் ஒன்று மட்டும் இன்னும் நிற்கிறது, அதை எடுத்தால் கார் ஏறாது என்கிறார் வீட்டுக்காரர். ஐப்பசிக்கு முன்னால் மறுபடி அவரைப் பார்க்கப் போகிறோம், அந்த அம்மாவுக்கு அரைநாள் கூலியைத் தெருப் பணத்தில் கொடுத்து அவரையும் கூட்டிக்கொண்டு.