கட்டி முடித்த பிறகு பசுமை வராது

கான்கிரீட் போட்டு, மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி மாட்டிய பிறகு வந்து, "சார், இதை கிரீன் பில்டிங் ஆக்கணும், என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்கள். கையில் தயாராக ஒரு பட்டியல் இருக்கும்: மொட்டை மாடியில் தோட்டம், சோலார் பேனல், வெளிச்சுவரில் தொங்கும் செடிகள். கட்டடங்களின் மின்சாரச் செலவைக் கணக்குப் போட்டுச் சொல்வது என் தொழில். போன வாரமும் இதே பட்டியலோடு ஒருவர் வந்தார். பேசிப் பேசி அலுத்துவிட்டதால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பசுமைக் கட்டடம் என்றால் செடி வைத்த கட்டடம் இல்லை. பேனல் மாட்டிய கட்டடமும் இல்லை. குறைவான மின்சாரம், குறைவான தண்ணீர், குறைவான பொருளில் உள்ளே இருப்பவரை வசதியாக வைத்திருக்கும் கட்டடம், அவ்வளவுதான். அதில் பாதிக்கு மேல் வரைபடத்திலேயே முடிவாகிவிடுகிறது: எந்தச் சுவர் எந்தத் திசையில், ஜன்னல் எவ்வளவு பெரியது, அதற்கு நிழல் எங்கிருந்து வரும் என்பதில்.

கண்ணாடியையே எடுத்துக்கொள்வோம். சாதாரண ஒற்றைக் கண்ணாடி தன்மேல் விழும் வெயிலின் வெப்பத்தில் சுமார் 80 சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். வெப்ப நாடுகளில் மாலை 4 மணிவாக்கில் மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 600 வாட் வரை வெயில் விழும். 10 சதுர மீட்டர் கண்ணாடி என்றால் உள்ளே வருவது கிட்டத்தட்ட 5 கிலோவாட். ஒரு டன் ஏசி வெளியேற்றுவது 3.5 கிலோவாட். அதாவது, அறையில் ஆளே இல்லாதபோதும் ஒன்றரை டன் ஏசி அந்தக் கண்ணாடிக்காக மட்டுமே ஓட வேண்டும்.

"திரை போட்டுக்கலாமே சார்" என்பார்கள். எனக்கு எரிச்சல் வரும் இடம் இதுதான். திரை இருப்பது கண்ணாடிக்கு உள்பக்கம். வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டது, திரையில் பட்டுச் சூடாகிவிட்டது, அந்தச் சூடு அறைக்குள்ளேதான் சுற்றும். கண் கூசுவது குறையும், ஏசியின் வேலை பெரிதாகக் குறையாது. நிழல் கண்ணாடிக்கு வெளியே விழ வேண்டும். வெளிப்பக்கத் தட்டி, செங்குத்துப் பட்டைகள், மரம், எதுவானாலும் சரி, வெளியே. கட்டி முடித்துவிட்டவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சன்ஷேடு இருக்கிறதே என்று அடுத்த கேள்வி வரும். மாலை 4 மணிக்குச் சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 30 பாகை உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 60 சென்டிமீட்டர் நீட்டிய சன்ஷேடு தரும் நிழல் சுமார் 35 சென்டிமீட்டர். 120 சென்டிமீட்டர் உயர ஜன்னலில் மீதி 85 சென்டிமீட்டரும் வெயிலில் காயும். அதே சன்ஷேடு வடக்கிலும் தெற்கிலும் நன்றாகவே வேலை செய்யும். அங்கே சூரியன் உயரத்திலிருந்து வருகிறது. நாலு பக்கமும் ஒரே அளவில் சன்ஷேடு வரைந்த வரைபடம் வந்தால், வரைந்தவர் வெயிலைப் பற்றி யோசிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

பேனல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மேற்குக் கண்ணாடி உச்சத்தில் சூடாகும் நேரத்தில், படுக்கை வாக்கில் கிடக்கும் பேனலின் உற்பத்தி நண்பகலில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். முதலில் தேவையைக் குறையுங்கள், பேனல் கடைசியில் வரட்டும். அப்போது பேனலும் கொஞ்சமாகப் போதும்.

மாடித் தோட்டத்துக்குக் கொஞ்சம் கெஞ்சித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. வழக்கமான மொட்டை மாடியை ஆட்கள் நடமாட என்று சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவில்தான் கணக்கிடுகிறார்கள். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் பரப்பி மழை பெய்தால் அது 500 கிலோவைத் தாண்டும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேட்காமல் மாடியில் மண் கொட்டாதீர்கள். வெப்பம்தான் பிரச்சினை என்றால் வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு போதும், எடையே இல்லை. வருடத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். தூசி படிந்தால் பயன் குறைந்துவிடும்.

சிமெண்ட் பற்றி யாரும் கேட்பதே இல்லை. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளால்கூட இல்லை, சுண்ணாம்புக்கல் சூட்டில் உடைவதாலேயே. ஃப்ளை ஆஷோ (அனல்மின் நிலையச் சாம்பல்) ஸ்லாக்கோ (இரும்பு உலைக் கசடு) கலந்த சிமெண்ட் இதைக் கணிசமாகக் குறைக்கும். நன்றாக இறுகினால் உப்புக்காற்றையும் தாங்கும். நிபந்தனை ஒன்று உண்டு: முதல் நாட்களில் மெதுவாகத்தான் வலு ஏறும். குறைந்தது 10 நாளாவது தண்ணீர் விட்டு க்யூரிங் செய்ய வேண்டும், கான்கிரீட்டைத் தாங்கி நிற்கும் சென்ட்ரிங் பலகைகளை அவசரமாகப் பிரிக்கக் கூடாது. மேஸ்திரி "இந்த சிமெண்ட் சரியில்ல" என்றால், எத்தனை நாள் தண்ணீர் விட்டார் என்று கேளுங்கள். அப்புறம், இடிக்காமல் பழுதுபார்க்கக்கூடிய கட்டடம் கையில் இருந்தால் அதைவிடப் பசுமையானது இல்லை. (இதைச் சொல்லியே சில வேலைகளை இழந்திருக்கிறேன்.)

தண்ணீர் விஷயம் சுருக்கமாக. குளிக்கிற, கை கழுவுகிற தண்ணீருக்கும் கழிப்பறைக் கழிவுக்கும் தனித்தனி பைப் போடுங்கள். அப்போதுதான் முதல் வகைத் தண்ணீரைச் சுத்தம் செய்து செடிக்கோ ஃப்ளஷுக்கோ திரும்பப் பயன்படுத்தலாம். சுவர் எழும்பும்போது அது சின்ன வேலை. டைல்ஸ் ஒட்டிய பிறகு என்றால் பாத்ரூமையே உடைக்க வேண்டும். பழைய ஃப்ளஷ் தொட்டி ஒவ்வொரு முறையும் 10 லிட்டருக்கு மேல் விழுங்கும், இரட்டைப் பொத்தான் வகை 3 அல்லது 6 லிட்டரில் முடித்துவிடும்.

பசுமைக் கட்டடம் என்று சான்றிதழ் வாங்கலாமா? தாராளமாக. கட்டடங்களுக்குப் புள்ளி போட்டுச் சான்றிதழ் தரும் முறைகளில் பிரிட்டனில் 1990-இல் பிரீயாம் (BREEAM) வந்தது, பிறகு அமெரிக்காவின் லீட் (LEED). லீடில் 80 புள்ளி எடுத்தால் பிளாட்டினம், அதுதான் உச்ச நிலை. ஆனால் பெரும்பாலான புள்ளிகள் வடிவமைப்புக்கும் கட்டுமானத்துக்கும் கிடைப்பவை. குடிபோன பிறகு எப்படிப் புழங்குகிறீர்கள் என்பது மின்மீட்டருக்குத்தான் தெரியும். வாசலில் பலகை மாட்டிவிட்டு, ஜன்னலைத் திறக்கவே முடியாதபடி அடைத்து, பகலிலும் விளக்கு எரிகிற அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். மேற்கில் எத்தனை ஜன்னல் என்று எண்ணுங்கள். காற்று ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் வெளியேற வழி இருக்கிறதா என்று பாருங்கள். வடக்கு எது என்று காட்டும் அம்புக்குறி தாளில் இருக்கிறதா? இல்லையென்றால் வேறு எதையும் படிக்காதீர்கள், அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.