பயோரெமடியேஷன்: மெக்கானிக் தொட்டியில் ஓர் உயிரிவழித் திருத்தம்

வண்டிப் பட்டறையில் கழற்றிய பாகங்களின் கிரீஸைக் கழுவ ‘பயோரெமடியேஷன் பார்ட்ஸ் வாஷர்’ என்று ஒரு தொட்டி உண்டு. பெயரைக் கேட்டதும், கிருமிகள் கிரீஸைத் தின்று பாகத்தைப் பளிச்சென்று ஆக்கிவிடும் என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. பாகத்தைக் கழுவுவது சோப்புத்தன்மை உள்ள வெதுவெதுப்பான நீர். நுண்ணுயிர்கள் சுத்தம் செய்வது அந்த நீரை. இது பிடிபட்டால் சொல்லின் பொருளும் பிடிபடும், அதற்கு எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்பதும் தெளிவாகும்.

‘பயோ’ கிரேக்கத்தின் ‘பியோஸ்’, அதாவது உயிர், வாழ்வு. ‘ரெமடி’ லத்தீன் ‘ரெமெடியம்’ என்பதிலிருந்து வந்தது. மருந்து, பரிகாரம் என்று பொருள். அதன் அடியில் இருப்பது ‘மெதேரி’, குணப்படுத்துதல். மெடிசின் என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். ஆக, இது வைத்தியத்திலிருந்து கிளம்பி மண்ணுக்கும் தண்ணீருக்கும் வந்து சேர்ந்த சொல். உயிர்களைக் கொண்டு மாசைச் சிதைப்பது என்ற பொருளில் இந்தக் கூட்டுச்சொல் புழங்கத் தொடங்கியது 1980களில்.

உலகம் முழுக்க இந்தச் சொல் பரவ ஒரு விபத்து காரணமாயிற்று. 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டெஸ் என்ற கப்பல் அலாஸ்காவில் தரைதட்டி, கச்சா எண்ணெய் கரையெல்லாம் படிந்தது. அங்கே செய்த சிகிச்சையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, முக்கியமாக அவர்கள் போட்டது பாக்டீரியாவை அல்ல, உரத்தை என்பதுதான். எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா அந்தக் கரையிலேயே இருந்தது. அதற்குக் குறைந்தவை நைட்ரஜனும் பாஸ்பரஸும். அதைக் கொடுத்ததும் வேலை வேகமெடுத்தது. நமக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. 2017 ஜனவரியில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. ஆட்கள் வாளி வாளியாக அள்ளிய எண்ணெய்க் கசடைத் துறைமுக வளாகத்திலேயே ஓரிடத்தில் போட்டு, பாக்டீரியா கலந்து சிதைத்தார்கள்.

இனி பட்டறைக்கு வருவோம். நம் ஊரில் கார்புரேட்டரோ பேரிங்கோ கழற்றினால், வாய் வெட்டிய ஆயில் டின்னில் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி, பிரஷ்ஷால் தேய்ப்பதுதான் வழக்கம். கை வெடிக்கும், தலை கிறுகிறுக்கும், ஒரு பொறி போதும் தீப்பிடிக்க. அமெரிக்கப் பட்டறைகளில் இதே வேலையை மினரல் ஸ்பிரிட் என்ற பெட்ரோலியக் கரைப்பான் நிரப்பிய தொட்டி செய்துகொண்டிருந்தது. அது காற்றில் ஆவியாகிப் புகைமூட்டத்துக்குத் துணைபோகிறது என்பதால், தென் கலிபோர்னியாவின் காற்றுத்தர அமைப்பு 1990களின் இறுதியில் கடுமையான வரம்பு வைத்தது. அந்த வரம்புக்குள் மினரல் ஸ்பிரிட் வர வழியே இல்லை. நீரை அடிப்படையாகக் கொண்ட தொட்டிகள் அங்கே வேரூன்ற இது பெரிய காரணம்.

இந்தத் தொட்டியின் அமைப்பு எளிது. மேலே ஒரு சிங்க், கீழே திரவத் தொட்டி, நடுவே வடிகட்டிப் பாய். பம்பு திரவத்தை மேலே ஏற்ற, பிரஷ்ஷின் நுனி வழியாகவே அது வழியும். பிரேக் டிரம்மைத் தேய்க்கும்போது கறுப்பாக வழியும் கலவையைப் பாருங்கள்: சோப்புத்தன்மையுள்ள பொருள் எண்ணெயைப் பிடியிலிருந்து நெகிழ்த்தி, பொடித் துளிகளாகக் கீழே கொண்டுபோகிறது. அமெரிக்காவின் ஸ்மார்ட்வாஷர் போன்ற கருவிகளில், உறங்குநிலையில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்தப் பாயிலேயே இருக்கும். நனைந்ததும் விழித்துத் தொட்டியில் பெருகி, எண்ணெயைத் தின்று கார்பன் டை ஆக்ஸைடாகவும் நீராகவும் மாற்றுகின்றன. திரவம் ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். எண்ணெய் நெகிழவும் அது உதவும், நுண்ணுயிர்களுக்கும் அது சுகமான சூடு. நீர் ஆவியாகிக் குறையும்போது நிரப்பினால் போதும், அதே திரவம் நீண்ட காலம் ஓடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘உயிரித் தீர்வு’ என்பது சொல்லுக்குச் சொல் சரிதான், நோய் தீர்ப்பது என்ற பொருளும் அதில் இருக்கிறது. ஆனால் இன்று ‘தீர்வு’ என்றால் பிரச்சினைக்கு விடை என்றுதான் காதில் விழுகிறது. ‘உயிரிவழி மாசு நீக்கம்’ நன்றாகப் புரியும். ஆனால் அது வாக்குறுதியை அதிகமாகக் கொடுத்துவிடுகிறது. பேரிங்கிலிருந்து வந்த உலோகத் துகளை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்காது.

என் தேர்வு ‘உயிரிவழித் திருத்தம்’. திருத்தம் என்றால் விடைத்தாளும் அச்சுப் பிழையும் நினைவுக்கு வரலாம். ஆனால் ‘நிலம் திருத்துதல்’ என்பது நம் உழவர் வழக்கு. முள்ளும் கல்லும் கிடந்த இடத்தை மறுபடி பயிருக்கு ஆகும்படி செய்வது. எண்ணெய் படிந்த மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. தொட்டிக்கும் அப்படித்தான்: அழுக்கான திரவத்தை அடுத்த கழுவலுக்கு ஆகும்படி செய்கிறது. ‘நுண்ணுயிர்’ என்று போடாமல் ‘உயிரி’ என்று போடவும் காரணம் உண்டு. பூஞ்சைகளும் செடிகளும்கூட இந்த வேலையைச் செய்கின்றன.

கருவியின் பெயருக்கு ‘உதிரிபாகம் கழுவும் இயந்திரம்’ என்று எழுதினால் தவறு. உதிரிபாகம் கடையில் வாங்கும் புதுச் சாமான், ஸ்பேர். இங்கே கழுவுவது வண்டியிலிருந்து கழற்றியதை. ‘பாகங்கழுவு தொட்டி’ போதும். முழுப் பெயர் ‘உயிரிவழித் திருத்தப் பாகங்கழுவு தொட்டி’ என்று நீளும். பட்டறையில் பார்ட்ஸ் வாஷர் என்றே சொல்வார்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை.

‘என்சைம் வாஷர்’ என்று எழுதுவதும் பொருளைக் குழப்பும். என்சைம் ஒரு வேதிப்பொருள். எண்ணெயைத் துண்டு போடும், தின்னாது, பெருகாது. நுண்ணுயிர் உயிருள்ளது. அதனால்தான் இந்தத் தொட்டிக்குப் பராமரிப்பு வேறு. பிரேக் கிளீனர் ஸ்பிரே, பிளீச், கிருமிநாசினி எதுவும் உள்ளே போகக் கூடாது, போனால் கூட்டமே செத்துவிடும். நாள்கணக்கில் அணைத்துப் போட்டால் காற்றில்லாமல் வாழும் வேறு பாக்டீரியாக்கள் தலையெடுத்துப் புளித்த நாற்றம் வரும். பிஸ்டன் தலையில் சுட்டுப்போன கரிக்கு இதை நம்ப வேண்டாம், அதற்குச் சுரண்டல்தான். இரும்புப் பாகங்களைக் கழுவியதும் காற்றடித்து உலர்த்தி, லேசாக ஆயில் பூசிவிட வேண்டும். நீரில் கழுவியது துருவேறக் கொஞ்ச நேரம் போதும்.

பழைய பாயையும் அடியில் தங்கிய சேற்றையும் ‘பயோ’ என்ற பெயரை நம்பிக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. ஈயம் போன்ற உலோகங்கள் அதில்தான் சேர்கின்றன. சோதித்துப் பார்த்து, அபாயகரமான கழிவு என்று தெரிந்தால் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். இந்தியாவில் அதற்கு 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் இருக்கின்றன.