ஏப்ரலில் எடுத்த படமும் நவம்பரில் திறந்த அலமாரியும்

எங்கள் இன்டீரியர் டிசைன் ஸ்டூடியோவுக்குப் பதினைந்து வயது ஆகிறது. ஒரு சின்னப் புத்தகம் போடலாம் என்று அலுவலகத்துப் பிள்ளைகளுக்கு ஆசை. முதல் வேலை, முதல் பங்களா, முதல் ரிசார்ட் என்று மைல்கல் வரிசை. படங்களை மேசையில் பரப்பிப் பார்த்துக்கொண்டே வந்தபோதுதான் உறைத்தது, ஒன்று விடாமல் அத்தனையும் ஏப்ரல், மே மாதங்களில் எடுத்தவை. குன்னூரில் வெயில் அடிக்கிற மாதங்கள். ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு, உள்ளே பளபளக்கிற தேக்குத் தரை, மடிப்புக் கலையாத திரைச்சீலை.

அதே வீடுகளை நவம்பரில் ஒரு தடவை சுற்றி வந்தால்தான் எங்கள் தொழிலின் யோக்கியதை தெரியும். எனக்குத் தெரிந்த மைல்கற்கள் எல்லாம் நவம்பரில் நடந்தவை. அவற்றுக்குப் படம் கிடையாது.

மலையில் வீடு வாங்கி ‘லக்ஸுரி இன்டீரியர்’ கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் சென்னை, பெங்களூரு, கோவைக்காரர்கள். போன் நிறையப் படம் சேமித்து வருவார்கள். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் படத்து வீடுகள் காய்ந்த ஊர்களில் இருக்கின்றன. குன்னூர் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி 2,240, கொடைக்கானல் 2,100க்கு மேல். ஜூனில் தென்மேற்கு மழை கூடலூர், நடுவட்டம் பக்கம் கொட்டும். அது ஓய்ந்த கையோடு அக்டோபரில் வடகிழக்கு வந்து குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்ளும். நடுவில் மழை விட்டாலும் மஞ்சு விடாது. கதவைத் திறந்தால் வீட்டுக்குள் நடந்து வரும்.

எங்கள் மூன்றாவது வேலை ஒரு கோவைக் குடும்பத்தின் மலைவீடு. மே மாதம் சாவி கொடுத்தோம், பாராட்டினார்கள், படம் எடுத்தோம். நவம்பர் கடைசியில் அந்த வீட்டம்மா போன் செய்தார். “ஏங்கண்ணு, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ. அலமாரிக்குள்ள எலி கிலி செத்துக் கெடக்குதான்னு தெரியல.”

எலி இல்லை. ஆறு கதவு வைத்து, வால்நட் வெனீர் என்கிற மெல்லிய மரத்தாள் ஒட்டி, வடக்குச் சுவர் முழுக்க நான் பார்த்துப் பார்த்து வரைந்த அலமாரி அது. முதல் கதவைத் திறந்ததும் மழைக்காலத்துக் காளான் வாசனை மூக்கில் ஏறியது. அவர் கணவரின் கறுப்புக் கோட்டின் தோளில் சாம்பல் தூவினாற்போல ஒரு படலம். விரல் வைத்தேன், கோலமாவு மாதிரி ஒட்டிக்கொண்டது. கீழே தோல் ஷூக்கள் பச்சை பூத்திருந்தன. பட்டுப்புடவை மடிப்பு ஓரமாக மஞ்சள் புள்ளி. துணிகளை ஒதுக்கிப் பின்பலகையைத் தட்டினேன். ‘டொக்’ என்று கேட்க வேண்டியது ‘பொத்’ என்று கேட்டது. மேல் அடுக்கு நமத்த அப்பளமாக உப்பியிருந்தது, அழுத்தினால் உள்ளே போனது.

அந்தம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான் செய்த தப்பு என்ன? மழைத்தண்ணீர் கசிந்திருக்கும் என்றுதான் முதலில் கூரையை, குழாயை எல்லாம் பார்த்தேன். எதிலும் கசிவு இல்லை. தண்ணீர் காற்றிலிருந்து வந்திருக்கிறது. வீட்டுக்குள் 20 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்று சுமார் 15 டிகிரிக்குக் குளிர்ந்த பரப்பைத் தொட்ட உடனே நீராகப் படியும். வெயிலே படாத வடக்குச் சுவர் நவம்பர் இரவில் அதைவிடக் குளிரும். பூசணத்துக்கு அவ்வளவு தண்ணீர்கூடத் தேவையில்லை. சுவரை ஒட்டிய காற்றில் 80 சதவீதம் ஈரப்பதம் சில நாள் நிலைத்தாலே அது வளர்ந்துவிடும். நானோ அந்தச் சுவரோடு அலமாரியை ஒட்டி அடித்து, காற்று புக ஒரு துளைகூட விடாமல், கதவுக்கு ரப்பர் வேறு வைத்திருந்தேன். பலகையும் எம்ஆர் கிரேடு பிளைவுட், ஈரத்தை ஓரளவுக்குத்தான் தாங்கும், கடைக்காரர்கள் ‘கமர்ஷியல்’ என்று தருகிற ரகம். வெனீருக்குக் கொடுத்த காசில் கால்வாசி பலகைக்குக் கொடுத்திருந்தால் போதும்.

எங்கள் செலவில் பிரித்துத் திரும்பக் கட்டினோம். இன்றுவரை அதே முறைதான். வெளிச்சுவரில் அலமாரி வேண்டாம், உள்சுவருக்கு மாற்று. மாற்ற முடியாவிட்டால் சுவருக்கும் பலகைக்கும் இரண்டு அங்குலம் இடைவெளி. தரையிலிருந்து நான்கு அங்குலம் தூக்கி, அடியிலும் உச்சியிலும் காற்றுத் துளை. கீழே புகுந்த காற்று மேலே வெளியேற வேண்டும். பலகை ஐஎஸ் 710 மரைன், அதாவது தண்ணீர் தாங்குகிற பிளைவுட், அறுத்த விளிம்பு எல்லாவற்றுக்கும் சீல். வெளிப்பக்கம் மட்டும் லேமினேட் ஒட்டி உள்ளே வெறுமனே விட்டால் பலகை வளையும், இரண்டு பக்கமும் ஒட்டியாக வேண்டும். இது எதுவும் படத்தில் தெரியாது. எஸ்டிமேட்டில் தெரியும், அங்கேதான் பேரம் நடக்கும்.

ஓதம் அடிக்கிற சுவருக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம் என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். பெயிண்டுக்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஓரடிச் சதுரத்தில் அலுமினிய ஃபாயிலை வெட்டி, அந்தச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் வீட்டுக்காற்றில் இருக்கிறது. சூடும் காற்றோட்டமும்தான் மருந்து. ஃபாயிலின் பின்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. பின்பக்க மண்மேடோ, உடைந்த குழாயோ, மழைக்கால்வாயோ காரணம். இது தெரியாமல் டின் டின்னாக வாட்டர்ஃப்ரூஃப் பெயிண்ட் அடிப்பது, சளி பிடித்தவன் மூக்கில் பஞ்சு வைப்பது மாதிரி.

பழைய பங்களாக்களைப் புதுப்பிக்கும்போது நடக்கிற அநியாயம் தனி. ஊட்டியில், கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்றும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அதற்குப் பின்னால் வந்த மலை பங்களாக்களில் நான் கை வைத்த பலவற்றில் சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த அடித்தளம், மரத்தரைக்கு அடியில் காற்று ஓட வெளிச்சுவரில் சின்னச் சின்ன இரும்பு ஜாலி. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விடும். அந்தச் சுவரைக் கொத்தி சிமென்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்து, பெருச்சாளி வருகிறது என்று ஜாலியையும் அடைத்துவிட்டு, அடுத்த வருடம் தரை ஏன் மக்குகிறது என்று கேட்கிறார்கள். ஜாலிக்கு வலை அடித்தால் பெருச்சாளியும் வராது, காற்றும் போகும்.

மரத்துக்கு வருகிறேன். எங்கள் ஆசாரி கூடலூர்க்காரர், பேச்சு குறைவு. தரைப்பலகை லாரியில் வந்து இறங்கிய அன்றே வேலை தொடங்கச் சொன்ன ஒரு வாடிக்கையாளரிடம், “சார், மரம் இன்னும் மேட்டுப்பாளையத்துல இருக்குங்க” என்றார். அவருக்குப் புரியவில்லை. எனக்கே கொஞ்சம் நேரம் கழித்துத்தான் புரிந்தது. காற்றில் 65 சதவீதம் ஈரப்பதம் இருந்தால் மரம் தன் எடையில் சுமார் 12 சதவீதம் ஈரத்தோடு அடங்கும். 80 சதவீதக் காற்றில் 16. சமவெளியில் 10 சதவீதத்துக்குக் காய்ந்த ஆறங்குலத் தேக்குப்பலகை இங்கே 16க்கு வரும்போது ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் அகலும். ஒரு பலகைக்கு இது தூசு. இருபது பலகையை இடைவெளி விடாமல் அடுக்கினால் ஓரங்குலத்தைத் தாண்டும். போக இடம் இல்லாத மரம் மேலே எழும்பும். அப்படி ஒரு ஹாலில் நடுத்தரை படகு கவிழ்த்தாற்போல எழுந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வேலை இல்லை, ஆனாலும் வயிறு கலங்கியது. அதன் பிறகு மரம் வந்தால் போட வேண்டிய அறையிலேயே குறுக்குச்சட்டம் வைத்து அடுக்கி, மூன்று வாரமாவது கிடக்கவிட்டு, ஈரமானி வைத்துப் பார்த்துத்தான் உளி எடுக்கிறோம்.

(மரம்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான் உண்ணிச்செடி நாற்காலிகளையும் காட்டுவேன். காட்டை அடைத்துக்கொண்டிருக்கிற அந்தக் களையை வேகவைத்து, தோலுரித்து, வளைத்துக் கட்டுகிறார்கள். கூடலூர் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் இதே குச்சியில் செய்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. நம் ஊரில் வரவேற்பறைக்கு ஏற்ற பொருள் என்று நம்ப வைக்கத்தான் எனக்கு அரைமணி நேரம் ஆகிறது.)

இனி நெருப்பு. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

கோத்தகிரிச் சாலையில் ஒரு வீடு. ஜனவரி. வெளியே புல் எல்லாம் உறைபனியில் வெள்ளை. கெடு நெருங்கியதால் நான்கு பேர் ராத்தங்கி வேலை பார்த்தார்கள். முடிந்த படுக்கையறை ஒன்றில் படுத்துக்கொள்ளச் சொன்னேன். குளிருக்கு ஒரு சாந்துச் சட்டியில் கரி போட்டு, வெளியே புகை அடங்கக் கனலவிட்டு, அறைக்குள் வைத்துக்கொண்டார்கள். கதவு, ஜன்னல் சாத்தினார்கள். அவை சாதாரண ஜன்னல்கள் இல்லை. காற்றுச் சத்தம்கூட வராது என்று நான் பெருமையாகச் சொல்லிப் போட்ட, இரட்டைக் கண்ணாடியும் ரப்பர் பீடிங்கும் வைத்த ஜன்னல்கள். விடியற்காலை ஒருவர் தலைவலியில் எழுந்து, வாந்தி எடுக்க வெளியே வந்து, மற்றவர்களை எழுப்பியிருக்கிறார். இருவர் தள்ளாடி வந்தார்கள். நான்காவது ஆள் எழவில்லை. வராந்தாவுக்கு இழுத்துப்போட்டு, அங்கிருந்து ஆஸ்பத்திரி. பிழைத்துவிட்டார். மூன்றாம் நாள் வந்து, “மேடம், சட்டியில பொகையே இல்லீங்களே” என்றார்.

இல்லைதான். கரி கனலும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவருக்கு மயக்கம் தூக்கத்தோடு கலந்துவிடும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் எடுத்துவைத்துப் படுத்தவர்கள் எழவில்லை என்ற செய்தியைக் குளிர்காலத்தில் படித்திருப்பீர்கள். பழைய ஓட்டுவீடு சந்து பொந்து வழியே மூச்சு விட்டது. நாங்கள் அடைத்துக் கட்டுகிற வீடு விடாது. வீடு எவ்வளவு உயர்தரமோ அவ்வளவு இறுக்கம்.

ஆகவே கரிச்சட்டி எந்தக் காரணத்துக்கும் உள்ளே வரக்கூடாது. கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில். எரிகிற பொருள் எது இருந்தாலும், அந்த வீட்டுப் படுக்கையறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று. ஒரு குழாய்க் கைப்பிடிக்குச் செலவழிக்கிற காசுதான் அது. அறையில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் மாத்திரை தேடாதீர்கள், வெளியே போங்கள்.

கணப்பு கட்டுவதென்றால் கணக்கு இருக்கிறது. நெருப்புவாய் மூன்றடிக்கு இரண்டரை அடி என்றால் பரப்பு 1,080 சதுர அங்குலம். புகைக்குழாய்க்குக் குறைந்தது அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 108 சதுர அங்குலம், பக்கத்துக்குப் பத்தரை அங்குலம் உள்ள சதுரம் வேண்டும். ஆறங்குலக் குழாய் ஒன்றைச் சொருகிவிட்டு மேலே மார்பிள் ஒட்டியிருந்த ஒரு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அந்தக் குழாயின் பரப்பு 28 சதுர அங்குலம். புகை ஹாலுக்கு வராமல் வேறு எங்கே போகும்? குழாயின் முனை, சுற்றி 3 மீட்டர் தூரத்துக்குள் இருக்கிற கூரை எதையும்விட இரண்டடி உயரத்தில் நிற்க வேண்டும். பழைய பங்களா வாங்கினால் முதல் நெருப்புக்கு முன்னால் கூரை ஏறிப் பாருங்கள். குரங்குக்குப் பயந்து புகைபோக்கி வாயைச் சிமென்ட் வைத்து மூடியிருப்பார்கள்.

புகைபோக்கியே வேண்டாத எத்தனால் கணப்பு, கேஸ் ஹீட்டர் என்று இப்போது நிறைய விற்கிறார்கள். ஒரு லிட்டர் எத்தனால் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வரும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல். ஜன்னலைச் சாத்திக்கொண்டு அதைப் பற்றவைத்தால் ஆக்சிஜனும் குறையும், அந்தத் தண்ணீர் நேரே வடக்குச் சுவருக்கும் போகும்.

இரண்டு மாடி உயர ஹால் கேட்பவர்களுக்கும் ஒன்று. நீலகிரியில் கட்டட உயரத்துக்கு நெடுங்காலமாக 7 மீட்டர் வரம்பு உண்டு. அதற்குள்ளேயே ஹாலை உச்சிவரை திறந்துவிட்டால் கணப்புச் சூடெல்லாம் கூரைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் கீழே ஸ்வெட்டரோடு இருப்பீர்கள். நீலகிரிப் பழங்குடிகளான தோடர்கள் குனிந்து, தவழ்ந்து நுழைகிற அளவுக்கு வாசல் வைத்ததற்குக் குளிரும் ஒரு காரணம்.

போன நவம்பரில் அந்தக் கோவையம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே மூன்று நாளாக மழை. கேட்காமலே அலமாரியைத் திறந்து காட்டினார். கோட்டு கறுப்பாகவே இருந்தது. பின்பலகையைத் தட்டினேன், ‘டொக்’. கீழ்த்தட்டில் என்னவோ மஞ்சளாக வெளிச்சம் தெரிகிறதே என்று குனிந்தால், கம்பிக்கூடு போட்ட ஒரு நாற்பது வாட் குண்டு பல்பு. இங்கே பழைய வீடுகளில் மழைக்காலம் முழுக்க அப்படித்தான் எரியவிடுவார்கள். உள்ளே ரெண்டு மூன்று டிகிரி சூடு ஏறினாலே ஈரப்பதம் இறங்கிவிடும்.

“அதான் காத்துத் துளை வச்சிருக்கோமேம்மா” என்றேன்.

“இருக்கட்டும் கண்ணு. உன்ற துளையும் இருக்கட்டும், என்ற பல்பும் இருக்கட்டும்” என்றார்.