அணுக்கணக்கு சரி, ஆனாலும் சமன்பாடு தப்பு

அமிலம் சேர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஊதா நிறம் மறையும், ஆக்சிஜன் குமிழ் குமிழாகக் கிளம்பும். இதற்கு ஒருவர் இப்படிச் சமன்பாடு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: 2 பெர்மாங்கனேட் அயனி (MnO₄⁻), 1 பெராக்சைடு (H₂O₂), 6 ஹைட்ரஜன் அயனி (H⁺) சேர்ந்து 2 மாங்கனீசு +2 அயனி, 3 ஆக்சிஜன் மூலக்கூறு, 4 தண்ணீர்.

எண்ணிப் பாருங்கள். ஆக்சிஜன் அணுக்கள் இரண்டு பக்கமும் 10, ஹைட்ரஜன் 8, மின்சுமை +4. எல்லாம் பொருந்துகிறது, ஆனாலும் தப்பு! பெராக்சைடை 3, ஆக்சிஜனை 4, தண்ணீரை 6 என்று மாற்றினாலும் இதே மாதிரி பொருந்தும், அதுவும் தப்புதான். காரணம் என்னவென்றால், பெராக்சைடு தானாகவே தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் சிதையக்கூடியது. அந்தச் சிதைவே ஏற்கெனவே சமன்பட்ட ஒரு சமன்பாடு என்பதால் அதை எத்தனை தடவை கூட்டினாலும் கழித்தாலும் அணுக்கணக்கு அசையாது.

அதனால்தான் ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைகளில், அதாவது ஒரு பொருள் எலக்ட்ரானைக் கொடுக்க இன்னொன்று வாங்கும் வினைகளில், அணுக்களை விட்டுவிட்டு முதலில் எலக்ட்ரான்களை எண்ண வேண்டும் என்கிறேன். பெர்மாங்கனேட்டில் மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் (எலக்ட்ரான் கணக்குக்காக அணுவுக்குக் கொடுக்கும் எண்) +7, முடிவில் +2, ஆக 5 எலக்ட்ரான்களை வாங்குகிறது. பெராக்சைடில் ஆக்சிஜன் −1, வாயுவாகும்போது 0. ஒரு மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் இருப்பதால் 2 எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. கொடுத்ததும் வாங்கியதும் சமமாக வேண்டுமென்றால் பொது எண் 10. அப்போது பெர்மாங்கனேட் 2, பெராக்சைடு 5, வெளிவரும் ஆக்சிஜனும் 5. அப்புறம் மின்சுமை: இடப்பக்கம் −2, வலப்பக்கம் +4, எனவே இடப்பக்கம் 6 ஹைட்ரஜன் அயனி வேண்டும். ஹைட்ரஜன் மொத்தம் 16, அதனால் தண்ணீர் 8. இதுவரை தொடாத ஆக்சிஜனை இப்போது எண்ணினால் இரண்டு பக்கமும் 18.

முதல் சமன்பாட்டில் ஒரே ஒரு பெராக்சைடு 2 எலக்ட்ரான்தான் தர முடியும், மீதி 8? பெர்மாங்கனேட்டின் சொந்த ஆக்சிஜனே வாயுவானால்தான் அந்தக் கணக்கு நிற்கும். ஆனால் ஆக்சிஜன்-18 ஐசோடோப்பை (சாதாரண ஆக்சிஜனைவிடக் கனமான ஆக்சிஜன் அணுவை) அடையாளமாக வைத்துச் செய்த சோதனைகளில், வெளிவரும் வாயு பெராக்சைடிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தது.

இது தாளில் மட்டும் நிற்கிற பிழை இல்லை. பெராக்சைடின் செறிவை ஆய்வகத்தில் பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் (எவ்வளவு பெர்மாங்கனேட் கரைசல் செலவாகிறது என்று பார்த்துக் கணக்கிடும் முறை) மூலம் அளக்கிறார்கள். அங்கே 2-க்கு 5 என்பதற்குப் பதில் 2-க்கு 1 என்று போட்டால் 3 சதவீதக் கரைசல் 0.6 சதவீதமாகத் தெரியும்.