கருத்துக் கேட்டுவிட்டால் கூட்டாண்மை ஆகிவிடாது

வெள்ளிக்கிழமை மாலை மின்னஞ்சல் வருகிறது. இணைப்பில் முந்நூறு பக்கம். செவ்வாய்க்கிழமை காலையில், நிதித் திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்கும் கண்காணிப்புக் குழுவின் கூட்டம். வட்டாரங்களின் வளர்ச்சிக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் ஐரோப்பிய வட்டார வளர்ச்சி நிதியில், தொண்டு நிறுவனங்கள் போன்ற குடிமைச் சமூக அமைப்புகளின் "பங்கேற்பு" இன்னமும் பல இடங்களில் இந்த லட்சணத்தில்தான் நடக்கிறது. ஒவ்வொரு நிதிக் காலத்திலும் இதையே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

நிதித் திட்டத்தின் வரைவை இணையதளத்தில் போட்டோம், இரண்டு வாரம் கருத்துக் கேட்டோம், கூட்டாண்மை முடிந்தது என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். முடியவில்லை ஐயா. எழுதி முடித்த தாளை நீட்டி அபிப்பிராயம் கேட்பதற்குக் கருத்துக் கேட்பு என்று பெயர். என்ன எழுதுவது என்று முடிவாகும்போதே பங்காளிகள், அதாவது உள்ளாட்சிகள், தொழிற்சங்கங்கள், குடிமைச் சமூக அமைப்புகள் போன்றோர், அந்த மேசையில் இருக்க வேண்டும். அதைத்தான் சட்டம் கூட்டாண்மை என்கிறது. இந்த நிதிகளுக்கான 1988 சீர்திருத்தத்தில் இது அரசு மட்டங்களுக்கு இடையிலான ஏற்பாடாகத் தொடங்கியது. 1993-ல் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் உள்ளே வந்தன. தொண்டு நிறுவனங்களையும் சுற்றுச்சூழல் அமைப்புகளையும் 2006 விதிமுறை பெயர் சொல்லியே சேர்த்தது. இப்போது நடப்பிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/1060 ஒழுங்குமுறையின் 8-ஆம் பிரிவு தயாரிப்பு, செயலாக்கம், மதிப்பீடு என எல்லாக் கட்டத்திலும் பங்காளிகளைச் சேர்க்கச் சொல்கிறது. கதவைத் திறப்பதும் மூடுவதும் அதிகாரியின் விருப்பம் என்பதற்கு இதில் இடமே இல்லை.

தவறு ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. குழுவில் இடம் கிடைத்த அமைப்புகள் பலவும் முன்னேற்ற அறிக்கையைக் கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகின்றன. அமைப்புகளே, உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் அதே ஒழுங்குமுறையின் 40-ஆம் பிரிவு. திட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்களுக்குக் குழுவே ஒப்புதல் தர வேண்டும்; உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு உண்டு.

பேருந்து நிலையங்களைப் புதுப்பிக்கும் நிதிக்கான அளவுகோல் என்று வைத்துக்கொள்வோம். "மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதி: 100-க்கு 3 மதிப்பெண்." பார்வைக்கு நல்ல வரிதான். ஆனால் அந்த 3 போனாலும் மீதி 97-ல் விண்ணப்பம் தேறிவிடும். சாய்தளம் இல்லாத நிலையம் ஐரோப்பியப் பணத்திலேயே எழும்பும். அதே வரியை மதிப்பெண் பட்டியலிலிருந்து எடுத்து, "இது இல்லாத விண்ணப்பம் பரிசீலிக்கப்படாது" என்று தகுதி நிபந்தனையாக்கிவிட்டால் கட்டட வரைபடமே மாறும். அளவுகோல்கள் அணுகலை உறுதிசெய்ய வேண்டும் என்று 73-ஆம் பிரிவும் உங்களுக்குத் துணை நிற்கிறது. இது முடிவாவது கூட்டத்தில் அளவுகோல்களுக்கு ஒதுக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான். விண்ணப்ப அழைப்பு வெளியான பிறகு புலம்பிப் பயனில்லை.

எனவே அழைப்பு வந்ததும் தேதியைப் பாருங்கள். கூட்டாண்மையை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் ஐரோப்பிய நடத்தை நெறியின்படி (240/2014) ஆவணங்கள் பொதுவாகப் பத்து வேலை நாட்களுக்குக் குறையாமல் முன்கூட்டி வர வேண்டும். தாமதமானால் நிகழ்ச்சி நிரலில் அந்தப் பொருளை ஒத்திவைக்கக் கேளுங்கள். மறுத்தால் ஆட்சேபத்தைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

கூட்டம் கூட்டாமல் எழுத்து மூலம் ஒப்புதல் கேட்கும் மின்னஞ்சல்களைத் தயவுசெய்து திறந்து பாருங்கள். பல குழுக்களின் நடைமுறை விதிகளில், கெடுவுக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்றே கணக்கு. "கவனத்தில் கொள்ளலாமே" என்று எழுதாதீர்கள். எந்த வரியை நீக்க வேண்டும், அதன் இடத்தில் எது வர வேண்டும் என்று வாசகமாகவே கொடுங்கள். உங்கள் அமைப்பே அந்த நிதிக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு அந்த வாக்கெடுப்பிலிருந்து விலகுங்கள். இந்த ஒன்றில் சறுக்கினால் குடிமைச் சமூகம் முழுவதன் பேச்சும் எடுபடாமல் போகும்.

ஆளும் இல்லை, நேரமும் இல்லை என்பீர்கள். உண்மைதான். சம்பளம் இல்லாமல் எத்தனை பேர் முந்நூறு பக்கம் படிப்பார்கள்? ஆனால் பொருத்தமான இடங்களில் பங்காளிகளின் திறன் வளர்ப்புக்கு நிதியிலிருந்தே ஒரு பங்கு ஒதுக்க 8-ஆம் பிரிவு சொல்கிறது. ஐரோப்பிய சமூக நிதியில், இந்தத் திறன் வளர்ப்பு தேவை என்று ஐரோப்பிய ஒன்றியம் உங்கள் நாட்டுக்குத் தரும் பரிந்துரையில் வந்திருந்தால், குறைந்தது 0.25 சதவீதம் ஒதுக்குவது கட்டாயம். கேட்காதவர்களுக்கு யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை.

அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். வந்த ஒவ்வொரு யோசனைக்கும் எதிரே ஏற்றீர்களா, மறுத்தீர்களா, ஏன் என்று ஒரு அட்டவணை போட்டு அனுப்புங்கள். தங்கள் யோசனை என்ன ஆயிற்று என்பதைப் பங்காளிகள் தெரிந்துகொள்ள வழி வேண்டும் என்று அதே நடத்தை நெறி சொல்கிறது. அமைப்புகள் அந்த அட்டவணையை அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக வைக்கக் கேட்கட்டும். காரணம் இல்லாமல் "பரிசீலிக்கப்பட்டது" என்று மட்டும் இருக்கும் வரிகளை அடையாளமிட்டுத் திருப்பி அனுப்பட்டும்.